இத்தாலியக் குடும்பத்தோடு தங்கிப் படிக்கச் செல்பவர்களுக்கு

இத்தாலியில் படிக்கச் செல்லும் மாணவர்கள் பலர் பல்கலைக்கழக விடுதியிலோ, வேறு மாணவர்களோடு சேர்ந்து எடுத்த அடுக்குமாடி வீட்டிலோ தங்குகிறார்கள். உள்ளூர்க் குடும்பம் ஒன்றின் வீட்டில் ஓர் அறை பெற்று, அவர்களோடு உண்டு, அவர்களுடைய நேரத்தை அனுசரித்து வாழும் வழியும் உண்டு. அந்த வழியைத் தேர்ந்தெடுக்க எண்ணுபவர்களுக்காக இதை எழுதுகிறேன். மாலை வேளைகளை அந்தக் குடும்பத்துக்குக் கொடுக்க உங்களால் முடியுமானால் மட்டுமே இந்த ஏற்பாட்டுக்குப் பொருள் உண்டு. வகுப்பு முடிந்து வந்ததும் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு கைப்பேசியில் ஊர்க்காரர்களோடு பேசி, நள்ளிரவில் தனியாகச் சமைத்து உண்ண விரும்புபவருக்கு மாணவர் வீடே பொருத்தமானது. அதில் குறை ஒன்றும் இல்லை. இரவு உணவு மேசையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, பாதி புரிந்தும் புரியாமலும் பேச்சில் கலந்துகொள்ளத் துணிபவருக்கோ, எந்த மொழிப்பள்ளியும் தர முடியாத ஒன்று இங்கே கிடைக்கும்.

எந்த வகைக் குடும்பம்

மாணவரை ஏற்கும் குடும்பங்களில் இரண்டு வகை உண்டு. பள்ளி மாணவர்களுக்கான பரிமாற்றத் திட்டங்களில் குடும்பங்கள் பணம் பெறாமல், விருப்பத்தின் பேரில் மாணவரை ஏற்கின்றன. 1955-இல் தொடங்கப்பட்ட இன்டர்குல்துரா என்னும் அமைப்பு இத்தாலியில் இதை நடத்தி வருகிறது. இந்தத் திட்டங்களில் செல்லும் மாணவர், அந்த வீட்டுப் பிள்ளைகள் செல்வதைப் போன்ற உள்ளூர் மேல்நிலைப் பள்ளிக்குத்தான் செல்வார். வீட்டின் விதிகளும் வீட்டுப் பிள்ளைக்கு உள்ளவையே. மற்றொரு வகையில், மொழிப்பள்ளியின் வழியாகவோ நேரடியாகவோ மாதக் கட்டணம் பெற்றுக்கொண்டு அறையும் உணவும் தருகிறார்கள். ஃபுளோரன்ஸ், சியேனா, பெருஜா, பொலோஞ்ஞா போன்ற நகரங்களில் மொழி படிக்க வருபவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் தங்குகிறார்கள். பெருஜாவிலும் சியேனாவிலும் வெளிநாட்டவருக்கென்றே தனிப் பல்கலைக்கழகங்கள் இருப்பதால், வெளிநாட்டு மாணவரை வீட்டில் வைத்துப் பழகிய குடும்பங்களை அந்த ஊர்களில் தேடுவது எளிது.

இரண்டாம் வகையில் செல்பவர்கள் தம்மை வாடகைக்காரராகவும் எண்ணக்கூடாது, விருந்தினராகவும் எண்ணக்கூடாது. பணம் கொடுப்பதால் வீட்டு வேலைகளிலிருந்து முழு விலக்குக் கிடைக்கும் என்று எதிர்பார்ப்பதும், அன்பாக நடத்தப்படுவதால் எதையும் கேட்கக் கூச்சப்படுவதும் ஒரே அளவுக்குத் தொல்லை தரும். கேட்க வேண்டியவற்றைப் பயணத்துக்கு முன்பே எழுத்தில் கேட்டுவிடுவது இந்தக் கூச்சத்தைப் பெருமளவு போக்கும்.

என்ன கேட்பது? வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், யாராவது புகைபிடிப்பார்களா, நாயோ பூனையோ உண்டா, அறை தனியா, அதற்குக் கதவும் சன்னலும் உண்டா, குளியலறையை எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்பவை அடிப்படை. காலை உணவும் இரவு உணவும் மட்டுமா, மதிய உணவும் சேர்த்தா என்பதைத் தெளிவாகப் பெறுங்கள். சமையலறையை நீங்கள் பயன்படுத்தலாமா, எந்த நேரத்தில், குளிர்பதனப் பெட்டியில் உங்களுக்கு இடம் உண்டா என்றும் கேளுங்கள். துணி துவைப்பது வாரத்துக்கு எத்தனை முறை, குளிர்காலத்தில் வெப்பமூட்டலுக்குத் தனிக் கட்டணம் உண்டா, முன்பணம் எவ்வளவு, நடுவில் வெளியேற நேர்ந்தால் எத்தனை நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்பனவும் எழுத்தில் இருக்க வேண்டியவை. பலரும் கேட்க மறக்கும் ஒன்று, கல்வி நிறுவனத்திலிருந்து வீடு வரும் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்பது. நகரின் ஓரத்தில் உள்ள அழகான வீடு, இரவு ஒன்பது மணிக்குப் பேருந்து நின்றுவிடும் தடத்தில் இருந்தால், குளிர்காலம் முழுவதும் நீங்கள் வீட்டுக்குள்ளேயே அடைபட்டுப் போவீர்கள்.

ஆகஸ்டு மாதத்தைப் பற்றியும் கேட்டுவிடுங்கள். ஆகஸ்டு 15-ஐ ஒட்டிய வாரங்களில் இத்தாலியக் குடும்பங்கள் கடற்கரைக்கோ மலைக்கோ போய்விடுவது வழக்கம். அந்த நாட்களில் வீட்டில் நீங்கள் தனியே இருக்கலாமா, உணவுக்கு என்ன ஏற்பாடு, கட்டணம் குறையுமா என்பதை முன்னரே பேசி முடிப்பது இரு தரப்புக்கும் நல்லது.

விசாவும் அனுமதியும்

தொண்ணூறு நாட்களுக்கு மேற்பட்ட படிப்புக்கு ‘D’ வகை தேசிய விசா வேண்டும். பல்கலைக்கழகப் பட்டப்படிப்பில் சேர்பவர்கள் யுனிவர்சிதாலி என்னும் அரசு இணையதளத்தில் முன்பதிவு செய்து, பல்கலைக்கழகம் அதை ஏற்ற பிறகே விசாவுக்கு விண்ணப்பிக்க முடியும். விசா விண்ணப்பத்தில் தங்குமிடச் சான்று கேட்கப்படும். குடும்பத்தோடு தங்குபவருக்கு, அந்தக் குடும்பத்தில் ஒருவர் கையெழுத்திட்ட உறுதிக் கடிதமும் அவருடைய அடையாள ஆவணத்தின் நகலுமே பொதுவாக அந்தச் சான்றாகின்றன. இந்தக் கடிதத்தைக் கேட்டதும் தயங்காமல் தருகிறார்களா என்று கவனியுங்கள். பணத்தை முன்கூட்டியே கேட்டுவிட்டுக் கடிதத்தை மட்டும் தள்ளிப்போடுபவரிடமிருந்து விலகுவதே என் அறிவுரை.

இத்தாலிக்குள் நுழைந்த எட்டு வேலை நாட்களுக்குள் தங்கும் அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். இதன் பெயர் பெர்மெஸ்ஸோ தி சொஜோர்னோ. ‘ஸ்போர்தெல்லோ அமீகோ’ என்னும் பலகை உள்ள அஞ்சலகத்தில் இதற்கான படிவத் தொகுப்பு இலவசமாகக் கிடைக்கும். படிவங்களை நிரப்பி, கடவுச்சீட்டு, விசா, சேர்க்கைக் கடிதம், மருத்துவக் காப்பீடு, பண வசதிச் சான்று ஆகியவற்றின் நகல்களை இணைத்து, உறையை ஒட்டாமல் அதே அஞ்சலகத்தில் கொடுக்க வேண்டும். 16 யூரோ மதிப்புள்ள வருவாய் முத்திரைவில்லையைப் புகையிலைக் கடைகளில் வாங்கலாம். கறுப்புப் பின்னணியில் வெள்ளை ‘T’ எழுத்துப் பலகை தொங்கும் அந்தக் கடைகளில்தான் பேருந்துச் சீட்டும் கிடைக்கும். அஞ்சல் சேவைக்கு 30 யூரோவும், ஓராண்டு வரையிலான அனுமதிக்கும் அதன் அட்டைக்கும் சேர்த்து ஏறத்தாழ 70 யூரோவும் ஆகும். அஞ்சலகம் தரும் ரசீதை, அட்டை கைக்கு வரும்வரை, கடவுச்சீட்டோடு சேர்த்துப் பாதுகாக்க வேண்டும். க்வெஸ்தூரா என்னும் காவல் தலைமையகத்துக்கு எந்த நாளில் சென்று கைரேகை பதிக்க வேண்டும் என்பதும் அப்போதே உங்களுக்குத் தெரிவிக்கப்படும். விசாவின் காலம் முடிந்து ரசீது மட்டுமே கையில் இருக்கும் இடைக்காலத்தில் பிற ஷெங்கன் நாடுகளின் (தமக்குள் எல்லைச் சோதனையை நீக்கிக்கொண்ட ஐரோப்பிய நாடுகளின்) வழியாகப் பயணம் செய்யக்கூடாது. விடுமுறைக்கு ஊர் திரும்பச் சீட்டு எடுப்பவர்கள் இதை மறந்து பாரிசிலோ ஃபிராங்க்ஃபர்ட்டிலோ விமானம் மாறும்படி பதிவு செய்துவிடுகிறார்கள்.

உங்களை வீட்டில் ஏற்கும் குடும்பத்துக்கும் ஒரு சட்டக் கடமை உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியேயிருந்து வரும் ஒருவரைத் தங்க வைப்பவர், 48 மணி நேரத்துக்குள் அதைக் காவல் துறைக்கு எழுத்து மூலம் தெரிவித்தாக வேண்டும். க்வெஸ்தூரா இல்லாத சிற்றூர்களில் நகராட்சியிடம் தெரிவிப்பார்கள். 1998-ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டத் தொகுப்பு இதை விதிக்கிறது. மீறினால் அபராதம் குடும்பத்துக்குத்தான். மாணவர்களை ஏற்றுப் பழகியவர்களுக்கு இது தெரிந்திருக்கும். முதல் முறையாக ஒருவரை ஏற்பவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம் என்பதால், வந்து சேர்ந்த அன்றே பணிவாக நினைவூட்டுங்கள். தாக்கல் செய்த படிவத்தின் நகல் ஒன்று உங்களிடமும் இருக்கட்டும். தங்கும் அனுமதிக்கு அது தேவைப்படும்.

மூன்று மாதத்துக்கு உட்பட்ட மொழிப் படிப்புக்கு வருபவர்களுக்கு இந்த அனுமதி வேண்டியதில்லை. வேறொரு ஷெங்கன் நாட்டின் வழியாக இத்தாலிக்குள் வந்தவர்கள் மட்டும் எட்டு நாட்களுக்குள் க்வெஸ்தூராவில் தம் வருகையை அறிவிக்க வேண்டும்.

கோதிச்சே ஃபிஸ்காலே என்னும் பதினாறு எழுத்து வரி எண் இல்லாமல் வங்கிக் கணக்கு, வாடகை ஒப்பந்தம், மருத்துவப் பதிவு ஆகியவை நடப்பது அரிது. வரித் துறை அலுவலகத்தில் இதை இலவசமாகப் பெறலாம். அரசின் தேசிய மருத்துவச் சேவையில் விருப்பப் பதிவு செய்ய மாணவர்கள் ஆண்டுக்கு 700 யூரோ செலுத்த வேண்டும் என்று 2024 முதல் நடைமுறை மாறியிருக்கிறது. முன்பு இது 150 யூரோவுக்குள் இருந்தது. மேலும் அந்தத் தொகை ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான காலண்டர் ஆண்டுக்கானது. அக்டோபரில் சேர்ந்தாலும் முழுத் தொகையே கட்ட வேண்டும். எனவே இலையுதிர் காலத்தில் வருபவர்கள் டிசம்பர் வரை தனியார் காப்பீட்டில் இருந்துவிட்டு, ஜனவரியில் பதிவது பற்றி யோசிக்கலாம்.

வீட்டின் நடைமுறைகள்

அறிமுகமில்லாத வீட்டின் வாசலைக் கடக்கும்போது ‘பெர்மெஸ்ஸோ’ என்று அனுமதி கேட்டு உள்ளே நுழைவது இத்தாலிய வழக்கம். முதல் நாள் அதைச் சொன்னால் வீட்டார் முகம் மலரும். பெரியவர்களைப் பெயர் சொல்லி அழைக்க வேண்டாம். அவர்களே சொல்லும்வரை ‘சிஞ்ஞோரா’, ‘சிஞ்ஞோர்’ என்றும், மரியாதைப் பன்மைக்கு ஒத்த ‘லேய்’ வடிவத்திலும் பேசுங்கள். ஓரிரு நாட்களில் அவர்களே ‘தூ’ என்று ஒருமையில் பேசச் சொல்லிவிடுவார்கள். பாட்டி தாத்தாவிடம் மட்டும் மரியாதை வடிவத்தைச் சற்று நீட்டிப்பது நல்லது. கன்னத்தோடு கன்னம் ஒட்டி வரவேற்பது உங்களுக்குச் சங்கடமாக இருந்தால், புன்னகையோடு கையை முதலில் நீட்டுங்கள். யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

பரிசு கொண்டுபோவது நல்ல வழக்கம். சிறியதாக, கையால் செய்ததாக, உண்ணக்கூடியதாக இருந்தால் போதும். பூ வாங்குவதானால் சாமந்தியை மட்டும் தவிர்த்துவிடுங்கள். நவம்பர் 2 அன்று, மறைந்தோர் நினைவு நாளில், கல்லறைகளுக்குக் கொண்டுபோகும் பூ அது.

மின்சாரத்தைப் பற்றி யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. பெரும்பாலான இத்தாலிய வீடுகளின் மின் இணைப்பு 3 கிலோவாட் அளவுக்கே ஒப்பந்தம் செய்யப்பட்டது. சலவை இயந்திரம் ஓடும்போது அடுப்பறையில் மின் ஓவனும் ஓடி, நீங்கள் குளியலறையில் தலைமுடி உலர்த்தியைப் போட்டால், வீடு முழுவதும் இருண்டுவிடும். சில கட்டடங்களில் மீட்டர் கீழ்த்தளத்தில் இருப்பதால், யாராவது படியிறங்கிப் போய் அதை மீண்டும் இயக்க வேண்டியிருக்கும். பெரிய சாதனம் எதையும் போடும் முன் ‘சலவை இயந்திரம் ஓடுகிறதா’ என்று கேட்டுப் பழகுங்கள். பல வீடுகளில் மின் கட்டணம் நேரத்துக்கேற்ப மாறுவதால், துணி துவைப்பதை மாலைக்கும் வார இறுதிக்கும் ஒதுக்கி வைத்திருப்பார்கள்.

வெப்பமூட்டலுக்கும் நாடு தழுவிய வரம்பு உண்டு. 1993-ஆம் ஆண்டின் அரசாணை நாட்டைத் தட்பவெப்ப மண்டலங்களாகப் பிரித்து, எந்த மண்டலத்தில் எந்தத் தேதியிலிருந்து, நாளுக்கு எத்தனை மணி நேரம் வெப்பமூட்டலாம் என்று வரையறுத்திருக்கிறது. மிலானில் அக்டோபர் 15 முதல் ஏப்ரல் 15 வரை நாளுக்குப் பதினான்கு மணி நேரம். ரோமில் நவம்பர் 1 முதல் பன்னிரண்டு மணி நேரம். பலெர்மோவில் டிசம்பர் 1 முதல் எட்டு மணி நேரம். ஆகவே நவம்பரில் சிசிலி வீடு ஒன்றில் உங்களுக்குக் குளிர்ந்தால், குடும்பம் சிக்கனம் பிடிக்கிறது என்று எண்ணிவிடாதீர்கள். தடித்த காலுறையும் வீட்டுக்குள் அணியும் கம்பளிச் சட்டையும் கொண்டுபோங்கள். வீட்டுச் செருப்பும் கட்டாயம் தேவை. வெறுங்காலோடு கல் தரையில் நடந்தாலோ, ஈரத்தலையோடு வெளியே கிளம்பினாலோ வீட்டு அம்மா உண்மையாகவே கவலைப்படுவார்.

குளியலறையில் கழிப்பிடத்தின் அருகே பிதே என்னும் தாழ்ந்த தொட்டி இருக்கும். 1975-ஆம் ஆண்டின் அமைச்சக ஆணைப்படி ஒவ்வொரு குடியிருப்பிலும் அது இருந்தாக வேண்டும். தண்ணீர் பயன்படுத்திப் பழகியவர்களுக்கு இது பெரும் ஆறுதல். அங்கே தொங்கும் சிறு துண்டு அதற்கு மட்டுமே உரியது. அதில் முகம் துடைத்துவிட வேண்டாம். குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாம். குப்பையை உணவுக் கழிவு, காகிதம், பிளாஸ்டிக், கண்ணாடி, எஞ்சியவை என்று பிரித்தே போட வேண்டும். எந்த நாளில் எதை வெளியே வைப்பது என்னும் அட்டவணையைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு, இந்த ஒரு வேலையை நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள். மொழி அதிகம் தேவைப்படாத, வீட்டார் உடனே கவனித்து மகிழும் உதவி அது.

உணவு மேசை

உணவில்தான் நமக்கு மிகுந்த சிக்கலும் மிகுந்த நன்மையும் இருக்கின்றன. அதனால் இதை விரிவாகவே சொல்கிறேன்.

காலை உணவு பெரும்பாலும் இனிப்பானது. பால் கலந்த காபி, பிஸ்கட், ரொட்டித் துண்டில் பழக்கூழ் என்று அது முடிந்துவிடும். சூடான, காரமான காலை உணவுக்குப் பழகியவர்களுக்கு முதல் சில வாரங்கள் பதினோரு மணிக்கே பசி எடுக்கும். பையில் ஏதாவது வைத்துக்கொள்ளுங்கள். மதிய உணவு ஒரு மணியை ஒட்டியும், இரவு உணவு வடக்கில் ஏழரை எட்டு மணிக்கும், தெற்கில் இன்னும் தாமதமாகவும் நடக்கும். முதலில் பாஸ்தாவோ அரிசியோ சூப்போ, பிறகு இறைச்சியோ மீனோ பாலாடைக்கட்டியோ, அதோடு காய்கறி, கடைசியில் பழம் என்பது வரிசை. இரவு உணவுக்கு வர முடியாவிட்டால் மதியத்துக்குள் தெரிவித்துவிடுங்கள். சொல்லாமல் வராமல் இருப்பதைப் போல ஓர் இத்தாலியக் குடும்பத்தை வருத்துவது வேறொன்றும் இல்லை.

சைவ உணவுக்காரர்கள் ‘நான் சைவம்’ என்று சொல்வதோடு நின்றுவிடக்கூடாது. இறைச்சி இல்லை, மீன் இல்லை, முட்டை இல்லை என்று தனித்தனியாகச் சொல்லுங்கள்: ‘நோன் மாஞ்ஜோ கார்னே, நே பெஷ்ஷே, நே உவோவா.’ இதைப் பயணத்துக்கு முன்பே எழுதியும் அனுப்பிவிடுங்கள். ஏனென்றால், மறைந்திருக்கும் பொருட்கள் பல. பார்மிஜானோ ரெஜ்ஜானோ பாலாடைக்கட்டி, கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கப்படும் உறைபொருளைக் கொண்டே செய்யப்படுவது. அது ஏறக்குறைய எல்லாப் பாஸ்தாவின் மேலும் தூவப்படும். ரிசோத்தோவை இறைச்சிச் சாற்றில் வேகவைப்பார்கள். காய்கறிச் சூப்பான மினெஸ்த்ரோனேயில் பன்றிக் கொழுப்புத் துண்டுகள் சேர்வதுண்டு. ரோமாஞ்ஞா பகுதியின் பியாதீனா ரொட்டியில் மரபாகப் பன்றிக் கொழுப்பு உண்டு. உலர்ந்த பாஸ்தா கோதுமை ரவையும் தண்ணீரும் மட்டுமே. வட இத்தாலியில் வீட்டில் பிசைந்து செய்யும் புதுப் பாஸ்தாவில் பெரும்பாலும் முட்டை சேரும். பன்றி இறைச்சியோ மாட்டிறைச்சியோ உண்ணாதவர்கள், ராகூ என்னும் இறைச்சிக் குழம்பில் இரண்டும் சேர்ந்திருப்பது வழக்கம் என்பதை அறிந்திருக்க வேண்டும்.

விலக்குவதை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால் சமைப்பவருக்குத் திகைப்பாகிவிடும். உண்ணக்கூடியவற்றின் பெயர்களையும் சேர்த்துச் சொல்வது அவருக்குப் பேருதவி. பயறும் பாஸ்தாவும் சேர்ந்த பாஸ்தா எ ஃபஜோலி, கொண்டைக்கடலை சேர்ந்த பாஸ்தா எ சேச்சி, பூண்டும் எண்ணெயும் காய்ந்த மிளகாயும் போட்ட ஸ்பகெத்தி, பாலாடைக்கட்டியே இல்லாத மரினாரா பீட்சா, சிசிலியின் கத்தரிக்காய்க் கபொனாத்தா, தொஸ்கானாவின் ரொட்டியும் கீரையும் பயறும் வெந்த ரிபொல்லித்தா என்று இத்தாலியின் எளிய வீட்டுச் சமையலில் சைவத்துக்கு இடம் நிறையவே இருக்கிறது. இறைச்சி வாங்க வசதியில்லாத உழவர் வீடுகளில் பிறந்த உணவுகள் இவற்றில் பல. இவற்றின் பெயர்களை நீங்கள் சொல்லும்போது, வீட்டுப் பாட்டி தன் இளமைக்காலச் சமையலைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவார். மேசைப் பேச்சுக்கு அதைவிட நல்ல தொடக்கம் கிடைப்பது அரிது.

மறுபடியும் பரிமாற வருகையில் போதும் என்று சொல்ல ‘பாஸ்தா (basta) கொஸீ, க்ராட்ஸியே, எரா புவொனீஸ்ஸிமோ’ என்று பாராட்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஸ்பகெத்தியைக் கத்தியால் வெட்டாதீர்கள். மீன் சேர்ந்த பாஸ்தாவில் பாலாடைக்கட்டி கேட்காதீர்கள். மது வேண்டாம் என்றால் காரணம் எதுவும் சொல்லாமல் மறுக்கலாம், யாரும் வற்புறுத்துவதில்லை. தட்டுகளை எடுத்து வைக்க எழுந்து உதவுங்கள். ஆனால் மோகா என்னும் அலுமினியக் காபிக் குடுவையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட வேண்டாம். தண்ணீரில் மட்டும் அலசுவதே அங்கே வழக்கம்.

நம் சமையலுக்கு ஏங்குவது இயல்பு. தாளிக்கும் வாசனை திரைச்சீலைகளிலும் மேலங்கிகளிலும் நாட்கணக்கில் தங்கிவிடும் என்பதால், புகைபோக்கியைப் போட்டு, சன்னலைத் திறந்து, வீட்டார் ஒப்பிய நாளில் மட்டும் சமையுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை குடும்பம் முழுவதற்கும் சமைத்துப் பரிமாற முன்வந்தால் மறுக்க மாட்டார்கள். மிளகாயைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். ரோமில் பியாட்ஸா வித்தோரியோ பகுதியிலும், பலெர்மோவின் பல்லரோ சந்தையைச் சுற்றியும் மசாலாப் பொருட்கள் கிடைக்கும். பலெர்மோவில் இலங்கைத் தமிழர்கள் பல்லாண்டுகளாக வாழ்கிறார்கள். மோன்தே பெல்லெக்ரினோ குன்றில் உள்ள புனித ரொசாலியாவின் குகைக் கோயிலுக்கு இந்துக்களான தமிழர்களும் வழிபடச் செல்வது அந்த நகரம் நன்கறிந்த காட்சி. அங்கே படிக்கப் போகிறவர்கள் ஒரு முறை அந்தக் குன்றேறிப் பார்க்க வேண்டும்.

மொழியும் படிப்பும்

வீட்டார் தங்களுக்குள் வெனெட்டோவிலோ நாப்போலியிலோ சிசிலியிலோ வட்டார மொழியில் பேசிக்கொள்வது உண்டு. பாடநூலில் படித்த இத்தாலியம் எதற்கும் உதவவில்லையே என்று முதல் வாரத்தில் தோன்றலாம். உங்களோடு இத்தாலியத்தில் மெதுவாகப் பேசும்படி கேளுங்கள். வீட்டில் ஆங்கிலம் தெரிந்த பிள்ளை இருந்தால், அவர் உங்களிடம் ஆங்கிலம் பழக விரும்புவார். ‘மேசையில் இத்தாலியம், பிறகு அரை மணி நேரம் ஆங்கிலம்’ என்று ஓர் ஒப்பந்தம் செய்துகொள்வது இருவருக்கும் பயன் தரும். பெருஜா பல்கலைக்கழகத்தின் செலி, சியேனாவின் சில்ஸ், தாந்தே அலிகியேரி சங்கத்தின் பிளீதா ஆகியவை பரவலாக ஏற்கப்படும் மொழித் தேர்வுகள். இவற்றின் பேச்சுப் பகுதிக்கு மேசைப் பழக்கத்தை விஞ்சும் பயிற்சியை நான் அறியேன்.

பட்டப்படிப்பு மாணவர்களுக்கு இதனால் இன்னொரு பெரிய பயனும் உண்டு. இத்தாலியப் பல்கலைக்கழகங்களில் தேர்வுகள் பல வாய்மொழியாகவே நடக்கின்றன. பேராசிரியர் எதிரே உட்கார்ந்து, கேட்ட பொருளைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை தடங்கலின்றி விளக்க வேண்டும். மதிப்பெண் முப்பதுக்கு; தேர்ச்சிக்குப் பதினெட்டு வேண்டும்; மிகச் சிறந்தவருக்கு முப்பதோடு ‘லோதே’ என்னும் பாராட்டும் சேரும். எழுத்துத் தேர்வுகளிலேயே பழகிவந்த மாணவர், பாடம் முழுவதும் தெரிந்திருந்தும் இங்கே வாயடைத்துப் போவதுண்டு. தேர்வுக்கு முந்தைய வாரத்தில் வீட்டில் ஒருவரிடம் பாடப்பகுதி ஒன்றைப் பத்து நிமிடம் விளக்கிச் சொல்ல அனுமதி கேளுங்கள். அவருக்கு அந்தத் துறை தெரிய வேண்டியதில்லை. எங்கே புரியவில்லை என்று சொன்னால் போதும். அவர்களும் பள்ளியில் ‘இன்தெர்ரொகாட்ஸியோனே’ என்னும் வாய்மொழிக் கேள்விகளுக்கு நின்று பதில் சொல்லி வளர்ந்தவர்கள் என்பதால், இதன் அச்சம் அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

படிப்பு அனுமதியில் உள்ளவர்கள் வாரத்துக்கு இருபது மணி நேரம், ஆண்டுக்கு 1,040 மணி நேரம் வரை வேலை செய்யலாம். மாலை வேலைகள் உணவு மேசையோடு மோதும். இரண்டில் எது முக்கியம் என்பதை முதல் அரையாண்டிலாவது மேசைக்குச் சாதகமாக முடிவுசெய்யுங்கள். பொருளாதார நெருக்கடி உள்ளவர்கள் குடும்ப வருமானத்தின் அடிப்படையில் மாநில அமைப்புகள் வழங்கும் கல்வி உரிமை உதவித்தொகைக்குக் காலம் தவறாமல் விண்ணப்பிக்க வேண்டும். அதற்கான வருமானச் சான்றுகளை மொழிபெயர்த்துச் சட்டப்படி உறுதிசெய்ய நீண்ட காலம் பிடிக்கும் என்பதால், புறப்படும் முன்பே தொடங்கிவிடுங்கள்.

பயணத்தில் ஒரு சிறு எச்சரிக்கை. வட்டார ரயில்களுக்கு வாங்கும் தாள் சீட்டை, ஏறும் முன் நடைமேடையில் உள்ள இயந்திரத்தில் செருகி முத்திரை பெற வேண்டும். சீட்டு இருந்தும் முத்திரை இல்லாவிட்டால் அபராதம் உண்டு.

ஒத்துவராதபோது

சில வீடுகள் ஒத்துவராமல் போகும். முதல் மாதத்தின் தனிமையையும் உண்மையான பொருத்தமின்மையையும் பிரித்தறிய வேண்டும். உணவு பிடிக்கவில்லை, வீடு அமைதியாக இல்லை, வீட்டார் நிறையக் கேள்வி கேட்கிறார்கள் என்பவை பேசித் தீர்க்கக்கூடியவை. இத்தாலியர்கள் குறையை நேரில், குரலை உயர்த்திக்கூட, சொல்லிவிட்டு அடுத்த வேளை உணவுக்கு இயல்பாக அழைப்பார்கள். முகம் கோணாமல் மௌனமாக இருந்துவிட்டு ஒருநாள் பெட்டியோடு கிளம்புவதுதான் அவர்களுக்குப் புரியாது. எனவே வருத்தத்தை ஒரு வாரத்துக்கு மேல் மனத்தில் வைத்திருக்காமல், உணவு முடிந்த அமைதியான நேரத்தில் சொல்லுங்கள்.

பேச்சுக்கு இடமில்லாதவையும் உண்டு. உங்கள் கடவுச்சீட்டை வாங்கி வைத்துக்கொள்வது, ஒப்பந்தத்தில் இல்லாத குழந்தை பராமரிப்பையோ முழுநேர வீட்டு வேலையையோ திணிப்பது, அறைக்குள் அனுமதியின்றி நுழைவது, பாலியல் சீண்டல் ஆகியவை நேர்ந்தால் உங்களை அனுப்பிய பள்ளியையோ அமைப்பையோ அன்றே தொடர்புகொண்டு வெளியேறுங்கள். அவசர உதவிக்கு 112. பெண்கள் மீதான வன்முறைக்கு உதவும் இலவச எண் 1522. இந்த இரண்டையும் உங்கள் தூதரக எண்ணையும் புறப்படும் முன்பே கைப்பேசியில் பதிந்து வையுங்கள்.

வீடு மாறும்போதும் அனுமதியைப் புதுப்பிக்கும்போதும்

ஓராண்டு முடிந்ததும் சிலர் நண்பர்களோடு தனி வீட்டுக்கு மாறுவார்கள். ஒப்பந்தத்தில் சொன்ன முன்னறிவிப்பைக் கொடுத்து, அறையை வந்தபோது இருந்த நிலையில் ஒப்படைத்து, முன்பணத்தைத் திரும்பப் பெற்றதற்கும் சாவியைக் கொடுத்ததற்கும் சேர்த்து ஒரு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். புதிய வீட்டு உரிமையாளரும் 48 மணி நேரத்துக்குள் காவல் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். நீங்களும் முகவரி மாற்றத்தைப் பதினைந்து நாட்களுக்குள் க்வெஸ்தூராவிடம் தெரிவிக்க வேண்டும். தங்கும் அனுமதியின் காலம் முடிவதற்கு அறுபது நாட்களுக்கு முன்பே புதுப்பித்தலைத் தொடங்கிவிடுவது நல்லது. முதலாம் ஆண்டில் ஒரு தேர்விலாவது, அடுத்தடுத்த ஆண்டுகளில் இரண்டு தேர்வுகளிலாவது தேறியிருந்தால்தான் பல்கலைக்கழக மாணவரின் அனுமதி புதுப்பிக்கப்படும். ஆகவே வீடு மாறும் அலைச்சலைத் தேர்வுக் காலங்களான ஜனவரி, பிப்ரவரி, ஜூன், ஜூலை மாதங்களில் வைத்துக்கொள்ளாமல், தேர்வு முடிந்த பிறகே அந்தக் குடும்பத்திடம் விடைபெறும்படி தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்.